மலையில் நோய், கடற்கரையில் உலோகம்

1952-ம் வருஷத்தில் உலகத்தின் இரு மூலைகளில் இரண்டு விஷயங்கள் கண்டறியப்பட்டன. ஒன்று நமது நீலகிரியில். லேமன், கட்புஷ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் இம்மலைகளில் வாழும் மக்களின் இரத்தத்தைச் சோதித்து, ஆப்பிரிக்காவுக்கே உரியது என்று அதுவரை பெரும்பாலோர் எண்ணியிருந்த அரிவாள் அணுக் கோளாறு இங்கும் இருக்கிறது என்று வெளியிட்டார்கள். இந்தியாவில் அந்நோயைப்பற்றி வெளிவந்த முதல் அறிக்கைகளுள் அதுவும் ஒன்று. மற்றது ஸ்வீடன் தேசத்தில். பிரானெமார்க் என்னும் விஞ்ஞானி ஒரு முயலின் கால் எலும்பில் டைட்டானியம் உலோகத்தாலான சிறு கருவி ஒன்றைப் பதித்துவைத்துச் சோதனை நடத்தினார். சோதனை முடிந்து அதை எடுக்கப்போனபோது எடுக்க முடியவில்லை. எலும்பும் உலோகமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்தன.

இவ்விரண்டு செய்திகளுக்கும் சம்பந்தம் உண்டென்று அன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று அவை இரண்டும் கூடலூர்த் தாலூக்காவிலுள்ள ஓர் இளைஞனின் இடுப்பு மூட்டிலே வந்து சந்திக்கின்றன. அந்த இடுப்புக்கு வேண்டிய உலோகத்தை யார் செய்வது, எங்கே செய்வது, என்ன விலைக்குக் கொடுப்பது என்ற கேள்வி வைத்தியர்களுக்கு மட்டும் உரியதன்று. தேசத்தின் கைத்தொழிலில் அக்கறையுள்ள ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய கேள்வியாகும்.

நோயின் தன்மையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இக்குறையை ஒருசேரப் பெற்ற குழந்தைக்கு, வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து விறைத்துப் போகின்றன. அவை நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. தொடை எலும்பின் மேல்முனையில் பந்து போன்ற ஒரு தலை உண்டு; அதற்கு இரத்தம் செல்லும் வழிகள் குறுகியவை. அவ்வழி அடைபட்டால் எலும்பு சாகிறது. செத்த எலும்பு உடலின் பாரத்தைத் தாங்கமாட்டாமல் நொறுங்கி உட்காருகிறது. பந்து உருக்குலைந்தபின் அது சுழலும் கிண்ணமும் கெடுகிறது. முதியோருக்கு வரும் மூட்டுத் தேய்வை இருபது, இருபத்தைந்து வயதிலேயே அனுபவிக்கும் துர்ப்பாக்கியம் இந்நோயாளிகளில் பலருக்கு நேர்கிறது. சரிவிலே ஏறி இறங்கிப் பிழைக்க வேண்டிய மலைவாசிக்கு இடுப்பு போயிற்றென்றால் ஜீவனமும் போயிற்று என்பதே பொருள்.

இதற்கு முதற்பரிகாரம் கத்தியன்று என்பதை நாம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். குழந்தைப் பருவத்திலேயே இரத்தம் சோதிப்பதும், ஹைட்ராக்ஸியூரியா போன்ற மருந்துகளைத் தவறாமல் கொடுப்பதும், வலி கண்டவுடன் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்ப்பதும் முந்தியவை. கூடலூரில் ஆதிவாசி ஆஸ்பத்திரியை நடத்திவரும் அஸ்வினி ஸ்தாபனமும், 1958 முதல் கோத்தகிரியில் பணிபுரியும் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும் இத்துறையில் நெடுங்காலமாக உழைத்து வருகின்றன. மத்திய சர்க்காரும் 2023-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி இந்நோயை ஒழிப்பதற்கென்று தேசிய இயக்கமொன்றைத் தொடங்கினார்கள். இவையெல்லாம் பலன் தருமுன்னரே மூட்டை இழந்துவிட்டவர்களின் கதி என்ன என்பதுதான் நாம் இங்கே எடுத்துக்கொண்ட விஷயம்.

அவர்களுக்குச் செயற்கை மூட்டு வைக்கலாம். 1962-ல் இங்கிலாந்தில் சார்ன்லி என்னும் சத்திர வைத்தியர் இம்முறையை நிலைநிறுத்திய காலமுதல் லட்சக்கணக்கானவர்கள் அதனால் எழுந்து நடக்கிறார்கள். ஆனால் கடைச்சரக்காக வரும் மூட்டுகள் சாதாரண எலும்பை உத்தேசித்து வரிசையான சில அளவுகளில் செய்யப்படுபவை. அரிவாள் அணு நோயாளியின் எலும்பு சாதாரணமானதன்று. அதன் நடுவேயுள்ள மஜ்ஜைக் குழல் சிலருக்குச் சுருங்கி இறுகிப்போயிருக்கும். உலோகத் தண்டு எளிதில் உள்ளே இறங்காது. பலவந்தமாக இறக்கினால் எலும்பு பிளக்கும். மேலும் எழுபது வயதில் வைத்த மூட்டு ஆயுளுக்கும் போதும். இருபத்தைந்தில் வைத்ததோ ஒரு முறையேனும், இரு முறையேனும் மாற்றவேண்டி வரும். மாற்றுந்தோறும் எலும்பு குறைகிறது. குறைந்த எலும்புக்கு எந்தக் கடைச்சரக்கும் பொருந்தாது. அந்த இடத்திலேதான் புதிய உற்பத்தி முறையொன்று உதவிக்கு வருகிறது.

அடுக்கடுக்காக எழும் எலும்பு

உலோகத்திலே ஒரு பொருள் செய்ய நமது முன்னோருக்குத் தெரிந்த வழிகள் உருக்கி வார்ப்பதும், காய்ச்சி அடிப்பதும், கட்டியைக் கடைந்து செதுக்குவதுமே. புதிய முறை இம்மூன்றிலும் சேராது. குயவன் குளவி கூடு கட்டுவதைப் பார்த்திருக்கும் எவரும் இதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சிறிது சிறிதாக வைத்து வைத்துப் பொருளை எழுப்புவதே இதன் சாரம். முப்பரிமாண அச்சு என்று இதை இப்பொழுது வழங்குகிறார்கள்.

நோயாளியின் இடுப்பை சி.டி. ஸ்கான் யந்திரம் மெல்லிய துண்டு துண்டாகப் படம் பிடிக்கிறது. அப்படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேலொன்றாக அடுக்கினால் எலும்பின் முழு உருவமும் கிடைக்கிறது. கெட்டுப்போன பக்கத்துக்கு நல்ல பக்கத்தின் உருவத்தைக் கண்ணாடியில் திருப்பியதுபோல் திருப்பி அளவு பார்க்கலாம். சத்திர வைத்தியரும் எஞ்சினீயரும் ஒருங்கிருந்து, எங்கே கிண்ணம் உட்காரவேண்டும், திருகாணி எந்த எலும்பைப் பற்றவேண்டும் என்று நிச்சயிக்கிறார்கள். பிறகு அவ்வடிவம் யந்திரத்துக்குக் கொடுக்கப்படுகிறது.

யந்திரத்தினுள்ளே டைட்டானியக் கலவையின் தூள் இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு டைட்டானியமும், ஆறு பங்கு அலுமினியமும், நான்கு பங்கு வனேடியமும் சேர்ந்த கலவை அது. தூளின் ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் சுமார் பதினைந்து முதல் நாற்பத்தைந்து கூறு அளவினது. தட்டின்மேல் இத்தூளை ஒரு மெல்லிய படலமாகப் பரப்பி, லேசர்க் கதிரை அதன்மேல் ஓடவிடுகிறார்கள். கதிர் பட்ட இடம் உருகி இறுகுகிறது. படாத இடம் தூளாகவே நிற்கிறது. தட்டு மயிரிழையளவு கீழே இறங்குகிறது, மறுபடி ஒரு படலம், மறுபடி கதிர். ஆயிரக்கணக்கான படலங்களுக்குப்பின் தூளைத் தட்டிவிட்டால் உள்ளே உலோக எலும்பு நிற்கிறது. சூடேறிய டைட்டானியம் பிராணவாயுவை இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மையடைந்துவிடுமாதலால், இவ்வேலை ஆர்கன் வாயு நிரம்பிய அறையில் நடக்கிறது. லேசருக்குப் பதிலாக எலெக்ட்ரான் கதிரை உபயோகிக்கும் யந்திரங்களில் வெற்றிடத்திலேயே நடக்கிறது.

இதனால் விளையும் பிரயோஜனம் அளவுப் பொருத்தம் மட்டுமன்று. கெட்டி உலோகம் எலும்பைவிடப் பன்மடங்கு விறைப்பானது. டைட்டானியக் கலவையின் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல். எலும்பின் கெட்டியான புறப்பகுதியோ 10 முதல் 30 வரை. பாரம் முழுவதையும் உலோகமே சுமந்துவிட்டால் பக்கத்திலுள்ள எலும்பு வேலையற்று மெலிகிறது. மெலிந்தால் மூட்டு ஆடுகிறது. அடுக்கு முறையில் உலோகத்தைக் கடற்பஞ்சு போல் துளைகளோடு எழுப்பலாம். விறைப்பை வேண்டிய அளவு குறைக்கலாம். அரை மில்லிமீட்டரளவான அத்துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து புகுந்து உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். பிரானெமார்க் 1952-ல் கண்ட பிணைப்பு இங்கே பன்மடங்கு பலமாகிறது. 2007-ம் வருஷத்தில் இத்தாலியில் கிராப்பியோலோ என்ற வைத்தியர் இவ்விதம் செய்த இடுப்புக் கிண்ணத்தை முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்தார். அதன்பின் பல தேசங்களில் இது வழக்கத்துக்கு வந்துவிட்டது.

புதுமை மயக்கம் வேண்டாம்

புதியது எதுவாயினும் அதைச் சர்வரோக நிவாரணியாகக் கொண்டாடும் வழக்கத்தில் நமக்குச் சம்மதமில்லை. தேயிலைத் தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து காலெலும்பு முறிந்த தொழிலாளிக்கு வேண்டியது சாதாரண எஃகுத் தகடும் நாலு திருகாணியும், சீக்கிரத்தில் கிடைக்கும் ஆம்புலன்ஸும், கைதேர்ந்த வைத்தியருமே. அதற்கு லேசர் யந்திரம் தேவையில்லை. சாதாரண மூட்டுத் தேய்வுக்கும் கடைச்சரக்கான நல்ல மூட்டே போதும். பொருந்தாத எலும்புக்கும், மறுமுறை மாற்ற வேண்டிய மூட்டுக்கும், புற்றுநோயால் வெட்டியெடுத்த எலும்புக்குமே இப்புதிய முறை இன்றியமையாதது.

செய்து முடித்த உருப்படியும் அப்படியே உடம்புக்குள் வைக்கத்தக்கதன்று. உள்ளே அடைபட்ட அழுத்தத்தைச் சூடேற்றிப் போக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள் இருப்பின் மிகுந்த அழுத்தமும் சூடும் கொடுத்து மூடவேண்டும். உராயும் பாகங்களைக் கடைந்து மெருகிட வேண்டும். துளைகளுக்குள் தங்கிய தூளை ஒன்றுவிடாமல் போக்கவேண்டும். மனிதன் ஒரு வருஷத்தில் லட்சக்கணக்கான அடிகள் எடுத்துவைக்கிறான். அத்தனை அடியையும் தாங்காத உலோகம் எலும்பைவிட மோசமான சத்துருவாகும்.

இதிலே அவசரம் எவ்வளவு பொல்லாதது என்பதற்குச் சமீப காலச் சரித்திரமே சாட்சி. உலோகத்தோடு உலோகம் உராயும் ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டு ஒன்று உலகெங்கும் சுமார் 93,000 பேருக்கு வைக்கப்பட்டு, பழுது மிகுதியாகக் கண்டதால் 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. நமது தேசத்தில் மட்டும் சுமார் 4,700 சத்திர சிகிச்சைகளில் அது உபயோகிக்கப்பட்டிருந்தது. அந்நோயாளிகளில் பெரும்பாலோரைப் பின்னர் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. எவர் உடம்பில் எந்த உலோகம் இருக்கிறது என்பதற்குத் தேசத்தில் கணக்கில்லாததே காரணம். ஸ்வீடன் தேசத்தார் முழங்கால் மூட்டுகளுக்கு 1975 முதலும், இடுப்பு மூட்டுகளுக்கு 1979 முதலும் பதிவேடு வைத்து, எது நிற்கிறது, எது பழுதாகிறது என்று கவனித்து வருகிறார்கள் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

பொறுமைக்கு உதாரணம் தேடி வெளிநாடு செல்லவும் தேவையில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தார் செயற்கை இருதய வால்வு ஒன்றைச் செய்ய முற்பட்டபோது முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. மனந்தளராமல் நாலாவதைச் செய்து, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். பிறகு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அது உயிர் கொடுத்திருக்கிறது. சுதேசி என்பது தரத்தில் தள்ளுபடி கேட்கும் சீட்டு அன்று என்பதை அந்த வால்வு நிரூபித்துவிட்டது.

எல்லாம் இருக்கிறது, சேர்க்கை இல்லை

இப்பொழுது நம்மிடம் உள்ள சாதனங்களைக் கணக்கெடுப்போம். டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட் கன்னியாகுமரி ஜில்லாவின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும், கொல்லத்துக்கு அருகேயுள்ள சவறாவிலும் கருமணலாகக் குவிந்து கிடக்கிறது. அந்த மணலை எடுப்பதில் கரையோர ஜனங்களுக்குள்ள ஆட்சேபங்கள் கவனித்துத் தீர்க்கப்பட வேண்டியவை. அவர்கள் கரையைக் கொடுத்துப் பெறும் மணல் வெறும் தாதுவாகவும் வெள்ளைச் சாயப்பொடியாகவும் போய்விடுவது இன்னும் வருந்தத்தக்கது. ஹைதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோக ஆராய்ச்சிக்கூடம் கண்ட முறையைக்கொண்டு, ஆண்டுக்கு 500 டன் டைட்டானியக் கடற்பஞ்சு செய்யும் ஆலை 2011-ல் சவறாவிலே தொடங்கப்பட்டது. அந்த உலோகத்தை உருக்கிக் கலவையாக்கும் திறமை ஹைதராபாத் மிதானி ஆலைக்கு உண்டு. ராக்கெட்டுக்கும் ஆகாய விமானத்துக்கும் டைட்டானியம் செய்யத் தெரிந்த தேசத்துக்கு இடுப்பெலும்புக்குச் செய்யத் தெரியாமற்போகாது.

நீலகிரியின் அடிவாரத்துக்கு அணித்தாயிருக்கும் கோயமுத்தூரைப்பற்றி நேயர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. வார்ப்படமும் கடைசலும் அந்நகரின் மூச்சு. ஜி. டி. நாயுடு பிறந்து வளர்ந்த சீமை அது. எலும்பு வைத்தியத்தில் பெயர்பெற்ற ஆஸ்பத்திரிகளும், எஞ்சினீயரிங் கலாசாலைகளும் அங்கே ஒரே ஊரில் இருக்கின்றன. சென்னையிலோ, முப்பரிமாண அச்சு என்ற பெயரே வழங்காத காலத்திலேயே டாக்டர் மயில்வாகனன் நடராஜன், எலும்புப் புற்றுநோயால் காலையே வெட்டவேண்டியிருந்தவர்களுக்கு அவரவர் அளவுக்கு உலோக எலும்பு செய்வித்து வைத்துக் காலைக் காப்பாற்றினார். 2007-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. ஆளுக்கேற்ற எலும்பு என்ற எண்ணம் தமிழ் நாட்டுக்குப் புதிதன்று.

மலைமேலும் நுண்ணிய கைத்தொழிலுக்குக் குறைவிருந்ததில்லை. 1907-ல் குன்னூரில் தோன்றிய பாஸ்டர் ஸ்தாபனம் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்தது. 1949-ல் கேத்தியில் தோன்றிய ஊசி ஆலை, மயிரிழை பிசகாத உலோக வேலை மலைவாசிகளின் கைக்கு வரும் என்று காட்டியது. 1960-ல் நிறுவப்பட்டு 1967-ல் உற்பத்தி தொடங்கிய உதகை ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையோ, தேசத்தின் ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்-ரே பிலிம் செய்தனுப்பியது. முறிந்த எலும்பை வைத்தியர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அந்தக் கறுப்புப் படம் நமது மலையில் விளைந்தது. காலம் மாறி, பிலிமின் இடத்தைக் கம்ப்யூட்டர் பிடித்தபோது ஆலை கடனில் மூழ்கி மூடிக்கிடக்கிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பும் அதனோடு போயிற்று. வருகிற மாறுதலை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவர்களுக்கு என்ன நேரும் என்பதற்கு வேறு பாடம் வேண்டுமோ?

இத்தனை இருந்தும் குறை எங்கே? நாடெங்கும் உலோகத் தூளும் பெரிய யந்திரங்களும் இன்னும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. மணல் இங்கே, வைத்தியர் இங்கே, நோயாளி இங்கே. நடுவிலுள்ள தூளுக்கும் யந்திரத்துக்கும் கப்பலை எதிர்பார்த்திருக்கிறோம். மத்திய சர்க்கார் 2022 பிப்ரவரியில் அடுக்கு முறை உற்பத்திக்கென ஒரு தேசியத் திட்டம் வெளியிட்டு, 2025-க்குள் உலக உற்பத்தியில் நூற்றுக்கு ஐந்து பங்கை இந்தியா அடையவேண்டுமென்றார்கள். அந்த வருஷமும் கடந்துவிட்டது. இலக்கை மட்டும் எழுதிவைத்தால் எலும்பு வளர்ந்துவிடாது.

விலை விஷயத்தில் சர்க்கார் துணிந்தால் என்ன செய்யமுடியும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2017 ஆகஸ்டு 16-ந் தேதி முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை நிர்ணயிக்கப்பட்டபோது, சராசரி ரூ. 1,58,324-க்கு விற்ற கோபால்ட்-குரோமிய மூட்டு ரூ. 54,720-க்கு இறங்கியது. புற்றுநோயாளிகளுக்கான விசேஷ மூட்டுக்கு ரூ. 1,13,950 என்று வரம்பு வைத்தார்கள். வர்த்தகம் அதனால் அழிந்துவிடவில்லை. ஆனால் அந்த ஆணை முழங்காலுக்கே உரியது.

செய்ய வேண்டுவன

உதகையில் லேசர் யந்திரம் வைக்கவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. மழையும் ஈரமும் மிகுந்த மலையில் உலோகத் தூளைக் காப்பது வீண் சிரமம். யந்திரம் கோயமுத்தூரில் இருக்கட்டும். எந்தத் தனி ஆஸ்பத்திரிக்கும் தனி ஆலைக்கும் சொந்தமாகாமல், சர்க்காரும் கலாசாலைகளும் சேர்ந்து நடத்தும் பொதுக்கூடமாக இருக்கட்டும். அங்கேயே சோதனைச்சாலையும் அமையட்டும். 2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகளோடு திறக்கப்பட்ட சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியின் படம் ஒரு நிமிஷத்தில் கீழே இறங்கும். செய்து சோதித்த உலோகம் மறுவாரம் மலையேறி வரும். கால் தூக்க முடியாத மனிதன் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பலமுறை இறங்கி ஏறும் அவஸ்தை இதனால் குறையும்.

உலோகத்துக்கு முன்பே தொடங்கத்தக்க வேலையொன்றும் உண்டு. நோயாளியின் எலும்பைப் பிளாஸ்டிக்கில் அதே அளவில் அச்சிட்டுக் கையில் வைத்துப் பார்த்து, சத்திர சிகிச்சையை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது மிகச் சிறு செலவில் முடியும். அதற்கு வேண்டிய யந்திரம் பல பள்ளிக்கூடங்களிலேயே இருக்கிறது. மலை ஆஸ்பத்திரி நாளைக்கே இதைத் தொடங்கலாம்.

இரண்டாவதாக, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஆளுக்கேற்றபடி செய்த மூட்டுக்குத் தெளிவான இடமும் நியாயமான தொகையும் வேண்டும். கடைச்சரக்குக்குத்தான் பணம் கிடைக்கும் என்றிருந்தால், எந்த வைத்தியரும் ஏழையின் எலும்பைச் சரக்குக்கேற்ப வெட்டவே நிர்ப்பந்திக்கப்படுவார். மூன்றாவதாக, உடம்பில் வைக்கும் ஒவ்வோர் உலோகத்துக்கும் பதிவேடு கட்டாயமாக வேண்டும். எந்த மணலின் தூள், எந்த நாள் எழுப்பியது, எவர் சோதித்தது, எவருக்கு வைத்தது என்ற விவரம் இருபது வருஷத்துக்குப் பின்னும் ஒரு நொடியில் கிடைக்கவேண்டும். நான்காவதாக, சவறாவில் கடற்பஞ்சாக நின்றுவிடும் உலோகம் மருத்துவத் தரமுள்ள தூளாகும் வரையில் முழு வழியையும் நம் தேசத்திலேயே அமைக்கவேண்டும். அதுவரை நாம் செய்வது பாதி சுதேசியே.

இவ்வளவும் சில நூறு மலைவாசிகளுக்காகவா என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு நமது பதில் இரண்டு. பணியரும் குறும்பரும் இருளரும் இந்தத் தேசத்தின் ஜனங்கள். அவர்களுடைய இடுப்பு வேறு எவருடைய இடுப்பையும்விட மலிவானதன்று. மேலும், மிகக் கடினமான எலும்புக்குப் பொருந்தும் உலோகத்தைச் செய்யக் கற்றவன் மற்ற எல்லா எலும்புக்கும் செய்யக் கற்றவனாவான். கூடலூர் இளைஞனுக்காகச் செய்யும் பிரயத்தனம் சென்னையிலும் மதுரையிலும் இருக்கும் புற்றுநோயாளிக்கும், விபத்தில் எலும்பிழந்தவனுக்கும் ஒருங்கே பயன்படும்.

அவன் இரத்தத்திலுள்ள குறையை விஞ்ஞானம் கண்டறிந்து எழுபது வருஷத்துக்கு மேலாகிறது. உலோகத்தை எலும்பு ஏற்கும் என்று கண்டறிந்தும் அவ்வளவு காலமாகிறது. கண்டறிவது விஞ்ஞானிகளின் கடமை. அதை அவர்கள் செய்துவிட்டார்கள். கண்டதைக் கடைசி மலைக்குடிசைவரையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது சர்க்காரின் கடமை, கைத்தொழிலாளரின் கடமை, அவர்களை இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய நமது கடமை. கேட்பதை இன்றே தொடங்குவோமாக.